ஹோப்ஸ் ஸ்டாப்பில் இல்லாத காலேஜ்

திருப்பூரிலிருந்து அவினாசி வழியாக கோவைக்கு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இந்த இரண்டு ஸ்டாப்பும் மனப்பாடம். முதலில் சித்ரா, ஏர்போர்ட்டுக்குத் திரும்புற இடம். கொஞ்ச தூரம் தள்ளி ஹோப் காலேஜ். கண்டக்டர் வாயில் அது ஹோப்ஸ் ஆகிவிடும். முதல் வருஷம் சேர்ந்த புதிதில் அந்தக் காலேஜ் எங்கேதான் இருக்கு என்று ஜன்னல் வழியாகத் தேடிப் பார்த்திருக்கிறேன். கிடைக்கவில்லை. அந்தப் பெயரில் அங்கே காலேஜே கிடையாது. 1945ல் ஆரம்பித்த ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி, பிறகு தடாகம் ரோட்டுக்குப் போய், அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்று பேரும் மாறிவிட்டது. நமக்கெல்லாம் தெரிந்த ஜி.சி.டி. அதுதான். பழைய பேர் மட்டும் பஸ் ஸ்டாப்பில் ஒட்டிக்கொண்டது.

ஆர்தர் ஹோப் அப்போதைய சென்னை மாகாண கவர்னர். ஆனால் அந்தக் கல்லூரி வருவதற்கு முயற்சி எடுத்தவர், பணம் கொடுத்தவர், அதன் பிரின்சிபாலாக இருந்தவர், நாலு வருஷப் படிப்பு நேர விரயம் என்று சண்டை போட்டு எழுந்து போனவர், எல்லாம் ஒரே ஆள். பள்ளிக்கூடப் படிப்பையே முடிக்காத ஜி.டி.நாயுடு.

அவரைப் பற்றி வாட்ஸ்அப்பில் வருகிற கதைகள் ஏராளம். ஜெர்மனியில் ஹிட்லரைச் சந்தித்தது, லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்தது எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே வந்திருக்கும். நான் எழுத வந்தது அதற்கு இல்லை. எங்க வீடு திருப்பூர். அப்பா பன்னிரண்டு மெஷின் போட்டு பனியன் ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கிறார். போன செமஸ்டரில் கைசன், தொடர் முன்னேற்றம் என்று பாடம் வந்தபோது புத்தகத்தில் ஜப்பான் இருந்தது. எனக்கு எங்க ஷெட்டுதான் நினைவுக்கு வந்தது. அதற்கு அடுத்தபடியாக நாயுடு.

1893 மார்ச் 23ஆம் தேதி, சூலூர் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. விவசாயக் குடும்பம். சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட்டார். பையனுக்கு பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. வாத்தியார் மேல் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு ஓடினார் என்பார்கள். ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றது. காட்டு வேலையில் விட்டார்கள்.

அங்கேதான் அந்த மோட்டார் சைக்கிள் வருகிறது. வெள்ளைக்கார ரெவின்யூ அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் வண்டி. மாடு இல்லாமல், குதிரை இல்லாமல் ஒரு வண்டி போகிறதைப் பார்த்த பையனுக்குத் தூக்கம் போனது. அதை வாங்கியே ஆக வேண்டும் என்று கோவைக்குக் கிளம்பி வந்தார். ஒரு ஹோட்டலில் சப்ளையராகச் சேர்ந்து, வருஷக்கணக்கில் காசு சேர்த்து அந்த வண்டியை வாங்கினார். வாங்கியதும் ஊரைச் சுற்றினாரா என்றால் இல்லை. ஒவ்வொரு நட்டாகக் கழற்றிப் பரப்பினார், மறுபடி மாட்டினார். நாம் லேப் ரெக்கார்டில் படத்தை வரைந்து கையெழுத்து வாங்குகிற விஷயத்தை அவர் கை அழுக்காகக் கற்றுக்கொண்டார். மெக்கானிக் ஆனது அப்படித்தான்.

அடுத்து அவர் போன ஊர் எங்க ஊர். இதை நிறைய பேர் ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு ஊர்ப்பாசம், தாண்ட மனசில்லை. முதல் உலகப்போர் காலத்துத் திருப்பூரில் பனியன் கிடையாது. முதல் பனியன் கம்பெனி வந்ததே 1925 வாக்கில்தான். அதற்கு முன்பு அது பருத்திச் சந்தை. கொங்கு நாட்டுக் கிணற்றுப் பாசனத்தில் கம்போடியா பருத்தி நன்றாக விளைந்தது. விவசாயி வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார், ஜின்னிங் ஆலையில் கொட்டை நீக்கி, பஞ்சைப் பொதி கட்டி ரயிலில் ஏற்றுவார்கள். நாயுடு அந்தத் தொழிலில் இறங்கி திருப்பூரில் பருத்தி ஆலை வைத்தார். போர்க்காலம், நல்ல விலை. கையில் பெரிய பணம் சேர்ந்தது. அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு பம்பாய்க்குப் போய் பருத்தி வியாபாரம் செய்தார். மொத்தமும் போனது.

இந்த இடத்தைத்தான் நான் பல தடவை யோசித்திருக்கிறேன். ஜின்னிங்கில் ஒரு பொதிப் பருத்தி உள்ளே போனால் எவ்வளவு பஞ்சு, எவ்வளவு கொட்டை வெளியே வரும் என்று எடை போட்டுப் பார்க்கலாம். குறைந்தால் எங்கே போனது என்று தேடலாம். பம்பாய் விலை நம்ம கையில் இல்லை. தேடினாலும் அங்கே கழற்றிப் பார்க்க நட்டு கிடையாது. அதற்குப் பிறகு அவர் வாழ்க்கை முழுக்க, கழற்றிப் பார்க்கவும் அளந்து பார்க்கவும் முடிகிற வேலைகளிலேயே இருந்தார். பட்டுத் தெரிந்துகொண்டாரா, அவர் சுபாவமே அதுவா, எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

வெறுங்கையோடு திரும்பிய ஆளுக்குக் கை கொடுத்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். கோவையில் ஸ்டேன்ஸ் ஸ்கூல், மில் எல்லாம் ஆரம்பித்த அதே வெள்ளைக்காரர்தான். அவர் உதவியால் 1920ல் நாயுடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்டினார். ஓட்டினார் என்றால் ஆள் போட்டு இல்லை, அவரேதான் டிரைவர். யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ்., அப்படி ஒரு பஸ்ஸில் தொடங்கியது. சில வருஷங்களில் நாட்டிலேயே சிறப்பாக நடக்கிற பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று பேர் வாங்கியது.

ஒரு பஸ் எப்படி ஒரு பெரிய கம்பெனி ஆனது? கண்டுபிடிப்பாளர் என்று மட்டும் அவரைச் சொல்லும்போது இந்தக் கேள்வி காணாமல் போய்விடுகிறது. பஸ் தொழிலில் பணம் போகிற ஓட்டைகள் கண்ணுக்குத் தெரியாது. வண்டி பத்து நிமிஷம் தாமதம். நடுவழியில் ஒரு பிரேக்டவுன். டிக்கெட் காசில் கொஞ்சம். ஒவ்வொன்றும் சின்னதுதான், கூட்டினால்தான் நஷ்டம். நாயுடு இந்தச் சின்னதுகளை விடவில்லை. எஞ்சின் அதிர்வைச் சோதிக்க ஒரு கருவியைச் செய்தார். அன்றைக்கு மெக்கானிக்குகள் எஞ்சின் மேல் கையை வைத்து, காதை வைத்துத்தான் கோளாறு சொல்வார்கள். அனுபவசாலி சொன்னால் சரியாக இருக்கும், அவர் லீவு போட்டால் யாரும் இல்லை. கருவி வந்தால் புதுப் பையனும் பார்த்துச் சொல்லலாம். வண்டி நடுவழியில் நிற்பதற்கு முன்பே ஷெட்டில் நிறுத்திச் சரி பண்ணலாம். இதற்கு இன்றைக்கு நம்ம சிலபஸில் பெரிய பேர் இருக்கு, ஐந்து மார்க் கேள்வி.

ஜப்பானில் டெமிங் போய் தரக்கட்டுப்பாடு பற்றிப் பாடம் எடுத்தது 1950ல். நாயுடு அதற்கு முன்னோடி என்று காலரைத் தூக்கிவிட எனக்கு ஆசையில்லை. அவர் புள்ளியியல் எதுவும் செய்யவில்லை. ஆனால் கோளாறு வந்தபின் திட்டாமல், வருவதற்கு முன் அளந்து பார்க்கிற பழக்கம் அவரிடம் இருந்தது. அது தியரி தெரிந்ததால் வந்தது இல்லை, பாதியில் நின்ற பஸ்ஸில் பயணிகளோடு நின்றால் தானாக வரும்.

இன்னொன்று, அந்த 11 மணி நேர வீடு. அஸ்திவாரத்திலிருந்து முடிக்கிற வரை ஒரே பகலில் ஒரு வீட்டைக் கட்டிக் காட்டினார். கேட்டதும் எல்லோரும் வேகம் என்பார்கள். எனக்குத் தெரிவது வேகம் இல்லை. மணி ஓட ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே ஜன்னல், கதவு, கல், ஆள், யார் எங்கே நிற்பது என்று எல்லாம் தயாராக இல்லாவிட்டால் 11 மணி நேரத்தில் வீடு வராது. எங்க ஷெட்டில் ஸ்டைல் மாறுகிற நாளைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். காலர் டி-ஷர்ட் முடிந்து ரவுண்ட் நெக் ஆரம்பிக்கணும். ஓவர்லாக் டெய்லர் ரெடி. ஆனால் கலர் கோன் வரல. கோன் வந்தால் பிளாட்லாக்குக்கு ஃபோல்டர் மாட்டல. ஃபோல்டர் மாட்டினால் கட்டிங்கில் இருந்து பண்டில் வரல. கைமடிப் பசங்க உட்கார்ந்து போன் பார்ப்பார்கள். அரை நாள் போய்விடும். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவருக்கு அந்த அரை நாள் கூலியும் போகும். இதை மட்டும் யாரும் கணக்கில் எழுத மாட்டார்கள்.

1930களுக்கு வருவோம். 1932ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்து, கோவைக்கு மலை மேலிருந்து கரண்ட் இறங்கியது. மில்கள் பெருகின. கிணற்றில் கவலை இறைத்த விவசாயிகளுக்கும் மோட்டார் தேவைப்பட்டது, ஆனால் மோட்டார் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். 1937ல் பீளமேட்டில் நாயுடுவின் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸில் இருந்து இந்தியாவில் செய்த முதல் மின்மோட்டார் வெளியே வந்தது. அதைச் செய்து முடித்தவர் டி.பாலசுந்தரம் நாயுடு.

என்னைக் கேட்டால் ஜி.டி.நாயுடுவின் வாழ்க்கையில் முக்கியமான சம்பவம் மோட்டார் இல்லை, அதற்கு அடுத்து நடந்தது. மோட்டார் வெற்றி கொடுத்த தைரியத்தில் பாலசுந்தரம் தனியாக டெக்ஸ்டூல் கம்பெனியைத் தொடங்கினார். நூற்பு இயந்திரங்களை உள்ளூரிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். அதற்குப் பின்னால் 1962ல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் வந்தது. இந்த மாதிரிக் கம்பெனிகளில் கடைசல், வார்ப்பு, வைண்டிங் கற்றவர்கள் வெளியே வந்து கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் பீளமேட்டிலும் ஒரு லேத், இரண்டு லேத் என்று பட்டறை போட்டார்கள். ஒருத்தர் வார்த்துக் கொடுப்பார், ஒருத்தர் கடைந்து கொடுப்பார், ஒருத்தர் காயில் சுற்றுவார். நாட்டின் பம்புசெட்டில் பெரும்பங்கு இன்றைக்கும் இங்கேதான் தயாராகிறது. திருப்பூருக்கு வருகிற நூலில் எத்தனையோ கோவை மெஷினில் நூற்றது. தொழிற்குழுமம் என்று புத்தகத்தில் இருப்பது, கண்ணால் பார்த்தால் இதுதான். ஒரு கேட்டுக்குள் கற்றது, ஆளோடு சேர்ந்து அடுத்த தெருவுக்கு நடந்து போவது.

கேட்டுக்குள்ளேயே நின்றுவிட்டவைகளும் உண்டு. பேட்டரியில் ஓடுகிற ரசாந்த் ஷேவிங் மெஷின். மண்ணெண்ணெயில் சுற்றுகிற ஃபேன். பழச்சாறு பிழியும் கருவி. ஓட்டுப் பதிவு இயந்திரம். 1941ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். 1952ல் 2,000 ரூபாயில் இரண்டு பேர் உட்காரும் காரைச் செய்து காட்டினார், லைசென்ஸ் கிடைக்கவில்லை, அதோடு நின்றது. அரசாங்கத்தைத் திட்டலாம், திட்டவும் வேண்டும். ஆனால் லைசென்ஸ் மட்டும்தான் காரணமா என்று எனக்குச் சந்தேகம். அந்தப் பொருள்களைச் சுற்றி பத்துப் பட்டறை வளரவில்லை. எல்லாம் ஒரே மூளையை நம்பி நின்றன. மோட்டாருக்கு மட்டும்தான் வாசலைத் தாண்டிப் போக ஒரு பாலசுந்தரம் இருந்தார்.

நாயுடுவுக்கே இது தெரிந்திருக்கும் போல. 1944ல் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்புகளில் இருந்து ஒதுங்கினார். தொழிலாளர் நலனுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் உதவித் திட்டங்களை அறிவித்தார். முழு மூச்சாகக் கல்விப் பக்கம் திரும்பினார். அவர் முயற்சியில் வந்ததுதான் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும். கற்றுக் கொடுப்பதிலும் அவருக்கு பஸ் கம்பெனிக் கண்தான். இவ்வளவு பாடத்துக்கு எதற்கு நாலு வருஷம், இரண்டு வருஷம் தாராளம் என்றார். பிரிட்டிஷ் அரசு ஒத்துக்கொள்ளவில்லை. பிரின்சிபால் பதவியை ராஜினாமா செய்துவிட்டு வந்தார்.

இதை ஹாஸ்டலில் சொன்னால் கைதட்டுகிறார்கள். அரியர் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் அதிகமாகவே தட்டுகிறார்கள். நான் பாதிதான் அவர் கட்சி. பட்டறையில் கற்றது கைக்கு வரும், உண்மை. திருப்பூரே அதற்குச் சாட்சி. கைமடியாகச் சேர்ந்து, டெய்லராகி, நாலு மெஷின் வாடகைக்கு எடுத்து ஓனர் ஆனவர்கள் எங்க தெருவிலேயே உண்டு, எங்கப்பாவும் அப்படி வந்தவர்தான். ஆனால் கையில் இருக்கிறதைத் தாளில் எழுதத் தெரியாவிட்டால் அது அந்தக் கையோடு நின்றுவிடும். மெஷின் சத்தத்தை வைத்தே ஊசி மழுங்கியதைச் சொல்கிற அப்பாவுக்கு, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பீஸ் வருகிறது என்று கேட்டால் உத்தேசமாகத்தான் சொல்வார். அதற்கு இரண்டு வருஷம் போதுமா, நாலு வருஷம் வேண்டுமா தெரியாது. ஆனால் அது பட்டறையில் தானாக வராது.

போன மே லீவில் ஷெட்டில் ஒரு வெள்ளை போர்டை மாட்டினேன். மணிக்கு மணி எத்தனை பீஸ் என்று எழுதச் சொன்னேன். முதல் வாரம் எழுதினதெல்லாம் பொய். ஓனர் பையன் காலேஜ் படிச்சுட்டு வந்து நம்ம தலையில கை வைக்கிறான் என்று டெய்லர் அண்ணன்கள் நினைத்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அளக்கிறது என்றாலே ரேட்டைக் குறைக்கத்தான் என்பது அவர்கள் அனுபவம். செக்கிங் அக்கா ஒருத்தர்தான் யோசனை சொன்னார், எத்தனை தைத்தோம் என்று எழுதாமல் எதற்காக நின்றோம் என்று எழுதலாமே என்று. போர்டை அழித்து அப்படி மாற்றினோம். நூல் இல்லை, பண்டில் இல்லை, கரண்ட் இல்லை, ஆல்டர் பிரிக்கிறோம். பத்தே நாளில் தெரிந்தது, மெதுவாகத் தைப்பதால் போன நேரம் ரொம்பக் கம்மி. சும்மா காத்திருந்ததில்தான் பெரும்பாலும் போயிருந்தது. இப்போது அடுத்த ஸ்டைலின் கோனும் ஃபோல்டரும் முந்தின நாள் சாயங்காலமே டேபிளுக்கு வந்துவிடுகிறது. 11 மணி நேர வீட்டின் கதையை நான் அப்பாவிடம் சொன்னேன்தான், அவர் அதற்காகச் செய்தாரா தெரியாது.

ஆனால் எங்க ஷெட்டின் கணக்கு எங்களுக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்து ஷெட்டில் ஒரு பீஸுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? கேட்டால் சொல்ல மாட்டார்கள். நாங்களும் சொல்ல மாட்டோம். ரேட் அடிபடும் என்று பயம். நாயுடுவின் முறைக்கும் இதுதான் எல்லை. தன் வண்டியைத் தான் அளந்தார், அடுத்த கம்பெனி வண்டியோடு வைத்துப் பார்க்க வழி இல்லை.

இங்கேதான் அந்த முதல் ஸ்டாப். சித்ரா என்பது தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி சங்கத்தின் ஆங்கிலச் சுருக்கம். 1956ல் மில்காரர்கள் சேர்ந்து உண்டாக்கியது. நூல் ஆராய்ச்சி தவிர அவர்கள் இன்னொரு வேலையும் செய்தார்கள். மில்களிடம் இருந்து கணக்கு வாங்கி ஒப்பிட்டார்கள். 100 கிலோ நூல் நூற்க எத்தனை ஆள்-மணி, கதிருக்கு எவ்வளவு உற்பத்தி, எவ்வளவு கழிவு. தன் மில் வரிசையில் எங்கே நிற்கிறது என்று ஓனருக்குத் தெரிந்தால், அடுத்த மாதம் எதைச் சரி பண்ணுவது என்பதும் தெரியும். போட்டிக்காரர்கள் ஒரே மேஜையில் கணக்கை வைத்தார்கள் என்பது சாதாரண விஷயம் இல்லை. மில் அளவில் நடந்த இது, பன்னிரண்டு மெஷின் ஷெட் அளவில் இன்னும் வரவில்லை. திருப்பூரில் எல்லோரும் சேர்ந்து மீட்டர் வைத்தது சாயக்கழிவுக்குத்தான். அதுவும் நொய்யல் பாழானபின், 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபிறகுதான் முழுசாக வழிக்கு வந்தது.

நாயுடு கடைசிக் காலம் வரை சும்மா இருக்கவில்லை. பருத்தி, சோளம், பப்பாளியில் புது ரகங்கள் என்று தோட்டத்தில் ஆராய்ச்சி செய்தார். சி.வி.ராமனும் விஸ்வேஸ்வரய்யாவும் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 1967ல் தொழில் கண்காட்சி தொடங்கியது. 1974 ஜனவரி 4ஆம் தேதி காலமானார். அந்தக் கண்காட்சி இன்றும் அவினாசி ரோட்டில் இருக்கிறது. ஷேவிங் மெஷின், ரேடியோ எல்லாம் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள்.

2025 அக்டோபரில் கோல்டுவின்ஸில் இருந்து உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்தைத் திறந்து அவர் பெயரை வைத்தார்கள். நல்ல பாலம், சீக்கிரம் போய்ச் சேரலாம். நான் லீவு முடிந்து திரும்பும்போது கீழே போகிற டவுன் பஸ்ஸைத்தான் பிடிப்பேன். பாலத்தில் சித்ராவும் ஹோப்ஸும் வராது.